கையும் தொழிலும்



இராமாநுசர் அவதரித்த பதியாகிய ஸ்ரீபெரும்புதூரின் சுற்றுப்புறத்தில் இன்று விடியுமுன்னரே பேருந்துகள் அணிவகுத்து வருகின்றன. இறங்குவோரில் மிகப் பலர் இருபது வயதை ஒட்டிய பெண்கள். மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றவர்கள்.

கைத்தொலைபேசியின் உள்ளே இருக்கும் தகட்டில் பற்றாசுப் பசையைப் பூசுவது பொறி. கடுகினும் சிறிய உறுப்புக்களை அதன்மேல் எடுத்து வைப்பதும், உலையில் செலுத்திப் பற்றவைப்பதும் பொறியே. திரை பொருத்துதல், திருகாணி முடுக்குதல், சோதித்தல் போன்றவற்றுக்கே மனிதக் கை பெரிதும் வேண்டப்படுகிறது. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்ணுறுப்புக்களைக் கெடுக்குமாதலால், மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி நிலத்தோடு இணைத்துக்கொண்டு வேலை செய்கின்றனர்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பதாண்டு பிட்டர் தொழில் கற்பித்தவன். அரம் பிடிக்கும் முறை கைவரவே மாதக்கணக்காகும் என்று மாணவரை அதட்டியவன். ஆகவே, அத்தகைய ஆலையொன்றில் நான்காண்டு உழைத்த என் உறவுப்பெண், தன் வேலை ஆறு திருகாணிகளை முடுக்குவது என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு இறுக்குவது என்பதைக்கூட மின்திருப்புளியே அறிந்து நின்றுவிடுமாம். இதுவும் ஒரு தொழிலா என்று கேட்டுவிட்டேன்.

அவள் என் கைபேசியை வாங்கி விளிம்பில் விரலை ஓட்டினாள். "மாமா, இதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கீழ்மூலை சரியாக உட்காரவில்லை" என்றாள். முந்திய மாதம் பழுது பார்த்தது உண்மைதான். என் விரலுக்கோ ஒன்றும் தட்டுப்படவில்லை.

2006இல் அவ்வட்டாரத்தில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணியாற்றினர். வரி வழக்கில் சிக்கியிருந்தமையால், 2014இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வாங்கியவற்றுள் அவ்வாலை சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. கட்டிடம் பின்னர் சார்ஜர் செய்யும் நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது. தச்சன் வேலையை விட்டால் உளியோடு வெளியேறுவான். இவர்களோ திருப்புளியையும் உள்ளேயே வைத்துவிட்டு வரவேண்டியவர்கள்.

என் உறவுப்பெண்ணும் பிறிதோர் ஆலையில் வேலை இழந்தவளே. அறிமுகக் கடிதம் வேண்டுமென்றாள். தொழிலின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பேனா வெகுநேரம் நின்றது. "பொருத்துநர், தொட்டே பிழை காண வல்லவர்" என்று எழுதிக் கொடுத்தேன்.

புதிய ஆலையில் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லையாம். கைகளை நீட்டச் சொல்லி, கண்ணைச் சோதித்து, வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். சம்பளம், முதன்முதலாகச் சேருகின்றவளுக்கு உரிய சம்பளம்.