கடல் கடந்து கார் ஓட்டுவோர்

வெளிநாடு செல்வோர் அங்கே வாடகைக்குக் கார் எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது இக்காலத்தில் பெருவழக்காகிவிட்டது. மேற்படிப்புக்கென்று கடல் கடக்கவிருக்கும் உங்களுள் பலரும் ஒருநாள் அவ்வாறு செய்யக்கூடும். அதற்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று என் பழைய மாணாக்கர் சிலர் கேட்டதுண்டு. ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டா’ என்றோ ஒரே சொல்லில் விடையிறுக்க இயலாத வினா அது.

பேச்சு வழக்கில் இதனை ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்கிறோம். குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. உண்மையில் அது உரிமமே அன்று. நம் உரிமத்தில் உள்ள செய்திகளை அயல்நாட்டுக் காவலரும் படித்தறியுமாறு பல மொழிகளில் பெயர்த்துத் தரும் ஒரு சிற்றேடு. மூல உரிமம் உடன் இல்லையேல் அது வெறும் தாள். நம் நாட்டில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இதனை வழங்குகிறது. இதன் ஆயுள் ஓராண்டு. இணையத்தில் பணம் கட்டினால் பல்லாண்டுக்குச் செல்லுபடியாகும் அட்டை தருகிறோம் என்பாரும் உளர். அவர்களிடம் வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடேயன்றி வேறில்லை.

இவ்வேட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வருகிறது. மோட்டார் வண்டி தோன்றிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1909-இல், பாரிசில் இதுபற்றிய உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. பின்னர் 1949-இல் ஜெனீவாவிலும் 1968-இல் வியன்னாவிலும் புதிய உடன்படிக்கைகள் எழுந்தன. இவ்விரண்டின்கீழ் வழங்கப்பெறும் ஏடுகளும் ஒன்றல்ல. இந்தியா தருவது ஜெனீவா உடன்படிக்கையின்படி அமைந்தது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஜப்பானைப் பாருங்கள். அந்நாடு ஜெனீவா ஏட்டை மட்டுமே ஏற்கும். செருமானியரோ சுவிட்சர்லாந்து நாட்டவரோ அங்குச் சென்றால், தம் பன்னாட்டுச் சீட்டைக் காட்டிப் பயனில்லை. தம் உரிமத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பைத்தான் காட்டவேண்டும். நம்மவர் ஜெனீவா ஏட்டுடன் சென்றால் தடையின்றி ஓட்டலாம். ஆனால் ஏட்டை வீட்டில் வைத்துவிட்டு, இந்திய உரிமத்தை மட்டும் நீட்டினால் கார் கிடைக்காது. என் பழைய மாணாக்கர் ஒருவர் அப்படித்தான் குடும்பத்துடன் போய் நின்றார். முன்பணம் கட்டியிருந்த வண்டி கண்ணெதிரே நிற்க, அவர்கள் இரயிலில் பயணம் செய்தனர். ஜப்பானிய இரயில் உலகப் புகழ் பெற்றதாதலின் அவர்களுக்கு இழப்பொன்றுமில்லை என்று நான் தேற்றினேன். அவர் மனைவியார் அதனை ஒப்பவில்லை.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே செல்லும் நம்மவர், செல்லுபடியாகும் இந்திய உரிமத்தைக் கொண்டே பன்னிரண்டு மாதம் வரை கார் ஓட்டலாம். இத்தாலியிலோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற உரிமத்துடன் பன்னாட்டுச் சீட்டோ, முறைப்படி அமைந்த மொழிபெயர்ப்போ இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது.

சட்டம் கேளாத இடத்திலும் வாடகை நிறுவனம் கேட்கலாம். வண்டி அவர்களுடையது, நிபந்தனை விதிக்கும் உரிமையும் அவர்களுடையதே. ஆகவே, முன்பதிவு செய்யும்போதே ஒப்பந்தத்தை முழுதும் படித்துவிடவேண்டும். இதனினும் அஞ்சத்தக்க நிலை ஒன்றுண்டு. சட்டம் கேட்கிறது, வாடகைக்கு விடுபவரோ ஒன்றும் கேளாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறார். விபத்து நேராதவரை எவருக்கும் கவலையில்லை. நேர்ந்துவிட்டாலோ, உரிய ஆவணமின்றி ஓட்டினார் என்று காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. மருத்துவச் செலவும் பிறர்க்குத் தரவேண்டிய ஈடும் அப்போது ஓட்டியவர் தலையில் விழும்.

இளைஞர்கள் பெரிதும் தவறுமிடம் இதுவே. ஜெனீவா ஏட்டில் வண்டியின் வகைக்கேற்ப எழுத்துகள் உண்டு: மோட்டார் சைக்கிளுக்கு ‘ஏ’, காருக்கு ‘பி’ என்றவாறு. எந்த எழுத்துக்கு எதிரே முத்திரை உள்ளதோ அந்த வகை வண்டியை மட்டுமே ஓட்டலாம். தாய்லாந்துக்கும் பாலித் தீவுக்கும் உல்லாசப் பயணம் போகிறவர்கள், கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு, கடற்கரையில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துப் பறக்கிறார்கள். கையில் ஏடு இருக்கிறது என்னும் துணிவு அவர்களுக்கு. அதில் ‘ஏ’ என்னும் எழுத்துக்கு எதிரே முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இறுதியாக ஒரு விந்தை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆட்சிமொழிகளில் ஏட்டின் செய்திகள் இடம்பெறவேண்டும் என்பது ஜெனீவா விதி. எனவே சீன மொழிக்கும் அதில் பக்கம் உண்டு. ஆயினும் சீனப் பெருநிலத்தில் அவ்வேடு செல்லாது. அங்கு ஓட்ட விரும்புவோர் அந்நாட்டிலேயே தற்காலிக உரிமம் பெறுதல் வேண்டும்.