முகப்பரு: பயமும் வேண்டாம், கண்ட களிம்பும் வேண்டாம்

(பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில், தாய்மாருக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கும் எங்கள் மருத்துவக் குழுவினர் ஆற்றிய உரை. ஆதரவாளர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.)



காசநோய், சர்க்கரை வியாதி என்று பேசவேண்டிய காரியங்கள் எத்தனையோ இருக்க, பருவுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். பரு உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. ஆனால் பருவுக்கென்று கேட்டு வாங்கிப் பூசும் சில களிம்புகள் முகத்தையே கெடுத்துவிடுகின்றன. ஆகவேதான் இதைப் பேச வந்தோம்.

பரு எப்படி வருகிறது? தோலில் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஆண், பெண் இருபாலருக்கும் கூடுகிறது. அதனால் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. உதிரவேண்டிய தோல் செல்களும் எண்ணெயும் சேர்ந்து துவாரத்தை அடைக்கின்றன. எல்லார் தோலிலும் சாதாரணமாக வாழும் ஒரு கிருமி அங்கே பெருகுகிறது. அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. இதுதான் பரு.

ஆகவே பரு அழுக்கினால் வருவதல்ல, கெட்ட இரத்தத்தினாலும் அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. கெட்ட நினைவுகளால் வருகிறது என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூச வைக்காதீர்கள். பெற்றோருக்கு இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். மீனும் இறாலும் பருவை உண்டாக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. அவற்றை நிறுத்த வேண்டாம். சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களும் குளிர்பானங்களும் சிலருக்குப் பருவை அதிகமாக்கும், அவற்றைக் குறையுங்கள்.

பருவைக் குறைக்கச் சில எளிய வழிகள்:

1. காலையிலும் மாலையிலும் மிதமான சோப்பால் முகம் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். இங்கே நல்ல தண்ணீர் அருமை என்பதை அறிவோம். ஒரு சொம்புத் தண்ணீர் போதும். இறால் தடவிவிட்டுக் கரையேறியதும் உப்பையும் வியர்வையையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

2. முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். தலைக்குப் பூசும் எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அங்கே பரு வரும்.

3. பருவைக் கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். தழும்பு நிலைத்துவிடும். பற்பசை, எலுமிச்சைச் சாறு பூசுவதும் தோலைப் புண்ணாக்கும்.

4. சாதாரணப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு என்னும் மருந்து உண்டு. 2.5 சதவீதம் போதுமானது. இரவில் மெல்லியதாகப் பூசவேண்டும். துணியில் பட்டால் சாயம் போகும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், பொறுமை வேண்டும்.

இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் ஸ்டீராய்டு களிம்பில் விழுகிறார்கள். அதைப் பூசினால் சில நாட்களிலேயே சிவப்பும் வீக்கமும் அடங்கும். முகம் வெளுத்தாற்போல் தோன்றும். "நல்ல மருந்து" என்று அக்கா தங்கைக்குக் கொடுப்பாள், தங்கை தோழிக்குக் கொடுப்பாள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போலத் தெரியும். முகத்தில் முடி வளரும். பரு முன்னிலும் அதிகமாக வரும். நிறுத்தினாலோ எரிச்சல் தாங்காது. மறுபடியும் அதையே தேடத் தோன்றும்.

2011ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், முகத்தோல் கோளாறுக்காகப் பல மையங்களுக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் இடங்கள் உண்டு.

ஆகையால் டியூபை வாங்குமுன் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் பருவுக்குப் பூசாதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் பூசி வருகிறவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்படி விடுவது என்று அவர் வழிகாட்டுவார்.

பெரிய கட்டிகளாக வந்தாலும், குழி விழுந்தாலும், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கற்று முகத்தில் முடியும் வளர்ந்தாலும் தாமதியாமல் காட்டுங்கள். கர்ப்பமாயிருப்பவர்கள் கட்டாயம் அதைச் சொல்லவேண்டும். பருவுக்கான சில மாத்திரைகள் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யும்.

தாய்மாரே, "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். பரு ஆறும், ஆனால் விழுந்த குழியும், கேலியால் உண்டான மனக்காயமும் எளிதில் ஆறுவதில்லை. இங்கே கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் கூட்டம் முடிந்தபின் எங்கள் நர்ஸ் அக்காவிடம் தனியே பேசலாம். டியூபையும் கையோடு கொண்டு வாருங்கள்.