கலாசாலையின் முதல் ஆண்டு
(அத்திப்பட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன்னர் இம்மேடையில், பிளஸ் டூ பரீட்சையில் மிகுந்த மார்க்கு வாங்கிய பிள்ளைகளுக்கு மாலையும் பரிசும் அளிக்கப்பட்டன. கண்டு களித்தோம். அதில் குறை கூற யாம் எழுந்தோமில்லை. ஆனால் சென்ற ஆண்டுகளில் இதே மேடையில் மாலை ஏற்ற பிள்ளைகளில் சிலர், மறு தை பிறக்குமுன் கலாசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டு ஒப்பந்தக் கூலி வேலைக்குப் போகக் கண்டோம். அவர்கள் அறிவிற் குறைந்தவரா? அல்லர். மாலை சூட்டிய நாம், "முதற் பருவம் எவ்வாறு முடிந்தது?" என்று ஒரு முறையேனும் அவர்களைக் கேட்டோமா? அதுவும் இல்லை. ஆகவே இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது கலாசாலையிற் சேருவதைப் பற்றியன்று. சேர்ந்த பின் முதல் ஆண்டைக் கடப்பதைப் பற்றி.

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் பெயரை அறியாதார் இலர். அவர் நம் குலத்தவர் அல்லர். ஆயினும் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக உழைத்தவராதலின், துறைமுகத்தை அண்டி வாழும் நாம் அவரிடம் சிறிது உரிமை கொண்டாடலாம். அவர் 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மனம் ஊன்றி மற்றவற்றைக் கைவிட்டதால் ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளமும் போயிற்று. 1905-ல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார். இடையில் நோயுற்று ஊர் திரும்பினார். எப்.ஏ. பரீட்சையில் அவ்வாண்டும் தேறவில்லை, 1907-லும் தேறவில்லை.

இக்கதையை நம் பிள்ளைகளும் அறிவர். அறிந்து என் செய்கின்றனர்? அரியர் விழுந்தவுடன், "ராமானுஜனே தவறவில்லையா?" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர்! அவர் பட்ட பாட்டை எண்ணுவாரில்லை. பட்டமின்றி, கணக்கு நோட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தி, ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார். 1912-ல்தான் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் வேலை கிடைத்தது. கணிதத்தில் அத்தனை வல்லவருக்கே கைவிட்ட பாடங்கள் இவ்வளவு இடர் செய்தன என்றால், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

இன்றும் அதே பள்ளம் அதே இடத்தில் இருக்கிறது. பட்ட வகுப்பிற் சேரும் பிள்ளை, தான் எடுத்த கணிதமோ வணிகவியலோ ஒன்றே படிப்பு என்று எண்ணுகிறது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்பவை ஏதோ ஒப்புக்கு வைத்தவை என்று அந்த வகுப்புகளில் கடைசி பெஞ்சைத் தேடுகிறது. அவற்றிலும் தேறாமல் பட்டம் கிடையாது. நம் வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கலாசாலை புகும் பிள்ளைக்கு இதை யார் சொல்வார்? தமிழிற் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாட நூல் முதல் மாதம் மலைபோலத் தோன்றும். தனக்குத்தான் விளங்கவில்லை என்று வெட்கி வாய் திறவாதிருக்கும். பக்கத்திலிருப்பவனுக்கும் விளங்கவில்லை என்பது அதற்குத் தெரியாது.

மற்றொன்று பருவமுறை. பிளஸ் டூவில் ஆண்டு முழுதும் ஒரே குறி, முடிவில் ஒரே பெரிய பரீட்சை. கலாசாலையிலோ ஒரு பருவம் என்பது ஏறக்குறைய 90 வேலை நாட்கள். சென்னைச் சர்வகலாசாலையைச் சார்ந்த கலாசாலைகளில் பொதுவாக நூற்றுக்கு 25 மார்க்கு பருவத்தின் இடையிலேயே, உள்தேர்வுகளாலும் எழுதித் தரும் வேலைகளாலும், அளந்து வைக்கப்படுகிறது. கடைசி மாதம் கண்விழித்துப் படிப்போம் என்றிருப்பவன் 75-க்குத்தான் போராடலாம். 25-ல் கைநழுவியது திரும்ப வராது.

வருகைப் பதிவு நூற்றுக்கு 75 வேண்டும். 90 நாட்களில் 22 நாட்களே தவறலாம் என்று கணக்கு. இந்த 22 நாட்களை விழுங்குவது யார்? பெரியோர்கள் மன்னிக்க வேண்டும், நாம்தான். ஆடி மாதம் அம்மன் கோயிற் கூழ், ஆவணியில் அத்தை மகள் கலியாணம், வளைகாப்பு, காதுகுத்து, அரிசிக் கார்டு வேலை, ஆஸ்பத்திரியிற் பாட்டிக்குத் துணை. "காலேஜ்தானே, ஒரு நாள் போகாவிட்டால் என்ன?" என்கிறோம். வேலைக்குப் போகும் மகனிடம் இவ்வாறு சொல்லத் துணிவோமா? பெண் பிள்ளைகளுக்கு இத்தொல்லை இரட்டிப்பு. விருந்தாளி வந்தால் அடுப்பங்கரைக்கு முதலில் அழைக்கப்படுவது அவள்தான்.

பொருளுதவி முன்போல் அரிதன்று. அரசாங்கப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டு, மாதம் 1,000 ரூபாய் என ஏற்பட்டது. அவரவர் கலாசாலை அலுவலகத்தில் முதல் வாரமே விசாரித்துக்கொள்க.

மீண்டும் ராமானுஜனுக்கு வருவோம். அவர் விழுந்ததை மட்டும் சொல்லி எழுந்ததைச் சொல்லாமல் விடலாகாது. அவர் கூச்சத்தை விட்டுக் கேட்டார். திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த ராமஸ்வாமி ஐயரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பழைய ஆசிரியர் சேஷு ஐயரை அணுகினார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருள் தந்து தாங்கினார். துறைமுகத்தில் நாராயண ஐயர் துணை நின்றார். 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தாமே கடிதம் எழுதினார். எப்.ஏ. தேறாத அவருக்கு அதே ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கியது. ஒருவர் கைகாட்ட மற்றொருவர் வாயிலுக்குப் போனார். அந்த வாயில்கள் அவருக்குப் பதினெட்டு வயதிலேயே திறந்திருந்தால்!

நம் பிள்ளைகள் அஞ்சுவது தோல்விக்கன்று. தோல்வியை வீட்டிற் சொல்வதற்கே. ஒரு பாடம் தவறினால் அடுத்து எழுதித் தேறலாம். அதை மறைக்கப் புகுந்து, கட்டணம் கட்டாமல், அடுத்த பருவம் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று அரியர் சேர்த்து, முடிவில் காலையில் புத்தகப் பையுடன் மின்சார வண்டி ஏறி எங்கெங்கோ சுற்றி மாலையில் திரும்பிய பிள்ளையை யாம் அறிவோம். அவன் தந்தைக்கு ஆறு மாதம் தெரியாது. தெரிந்த அன்று அடித்தார். படிப்பு அத்துடன் முடிந்தது.

ஆதலால் சங்கத்தாரிடம் எமது வேண்டுகோள் ஒன்று. பரிசுப் பணத்திற் பாதியை நிறுத்தி வைத்து, முதற் பருவ முடிவு வந்தபின் கொடுங்கள்; தேறினவர்க்கு மட்டுமன்று, மார்க்குப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டும் எல்லார்க்கும். பொன்னேரி, வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைக் கலாசாலைகளில் முன்பே படித்து முடித்த நம் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு இக்கூடத்தில் வந்து அமரட்டும். புதியவர்கள் விளங்காத பாடத்தைக் கொண்டு வரட்டும். முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு யாமே கதவைத் திறந்து வைத்திருப்போம். அரியர் விழுந்தவர்கள் முன் வரிசையில் அமரலாம். அவர்களை முதலிற் கேட்போம்.