பத்து விரலும் நல்லா இருக்கும்போது ஏன் இறக்கி ட்யூன் பண்றாங்க?

டூம் மெட்டல்னு பேச்சை எடுத்தாலே ஒரு கமெண்ட் வரும்: "எல்லாரும் எழுபதுகளோட பிளாக் சபாத்தைத்தானே காப்பி அடிக்கிறாங்க?" பாதி உண்மைதான். ஆனா அங்கிருந்து எதை எடுத்துக்கிட்டாங்க என்பதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல, இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரமான பர்மிங்காம். டோனி அயோமிக்கு 17 வயசு. உலோகத் தகடு ஆலையில் அவருக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். மெஷின்ல மாட்டி வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் ரெண்டோட நுனியும் போயிடுச்சு. மனுஷன் இடது கைக்காரர். அதாவது, கிட்டார் கம்பியை அழுத்துற கையே அதுதான்.

பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார், மேல தோல் ஒட்டினார். மெல்லிசான கம்பிக்கு மாறினார். 1971-ல் வந்த மூணாவது ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில், பல பாட்டுக்கு ட்யூனிங்கையே மூணு செமிடோன் இறக்கிட்டார். கம்பி தளர்ந்துச்சு, விரலுக்கு வலி குறைஞ்சுது, சத்தம் பாதாளத்துக்குப் போச்சு. நம்ம ஆபீஸ் பாஷையில, வொர்க்கரவுண்டே ஃபீச்சர் ஆயிடுச்சு.

சரி, பின்னாடி வந்தவங்களுக்கு பத்து விரலும் நல்லாத்தானே இருந்துச்சு? அவங்க ஏன் இறக்கினாங்க?

கலிஃபோர்னியா பாலைவனத்து கையஸ் பேண்டைக் கேளுங்க. இறக்கி ட்யூன் பண்ணின கிட்டாரை பேஸ் ஆம்ப்ளிஃபையர்ல செருகி வாசிச்சாங்க. தளர்ந்த கம்பியில் ஒரு சுரம் அடிச்சா அது உடனே அடங்காது; வீங்கும், அதிரும், மெதுவா தேயும். அதைக் கேட்க நேரம் வேணும். அதனாலதான் டூம் மெதுவா நடக்குது. அது சோம்பேறித்தனம் இல்ல. அடிச்ச சுரம் முழுசா வாழ்ந்து முடிக்கட்டும்னு காத்திருக்கிற பொறுமை.

அந்தப் பொறுமைக்கு ஸ்லீப் பேண்ட் விலையே கொடுத்துச்சு. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாட்டு ரெக்கார்டு பண்ணிக் கொடுத்தாங்க. ரெக்கார்டு கம்பெனி வெளியிட மறுத்துச்சு. பேண்டே கலைஞ்சுபோச்சு. 63 நிமிஷ 'டோப்ஸ்மோக்கர்' முழுசா வெளிவந்தது 2003-ல்தான். இன்னைக்கு டூம் கேட்கிறவங்க யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அதனால என் பதில் இதுதான்: ரிஃப்பைக் காப்பி அடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களை ரெண்டாவது பாட்டுலயே மறந்துடுவோம். நிக்கிறவங்க எடுத்துக்கிட்டது ரிஃப்பை இல்ல, அந்த நிதானத்தை. அயோமிக்கு அது கட்டாயம். இவங்களுக்கு அது தேர்வு.

இந்த வாரம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில ஆரம்பிங்க, 'டோப்ஸ்மோக்கர்'ல முடிங்க. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: என் எபிசோடை 1.5 ஸ்பீடில் கேளுங்க, பரவாயில்ல. இதை மட்டும் வேணாம். அடுத்த வாரம் பார்ப்போம்!