ஒரு மேய்ப்பரும் பல மந்தைகளும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்குச் செல்வோர், தேயிலை மலைகளின் நடுவே, லயங்களுக்கு அண்மையில், தகரக் கூரையும் சிறு சிலுவையுமாக நிற்கும் சிற்றாலயங்களை ஆங்காங்கே காணலாம். தோட்டத்து மக்களின் உழைப்பும் காணிக்கையும் சேர்ந்து எழுந்த ஆலயங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. ஒரு திருவிழா உண்டு. தன் முன்னோர் உறங்கும் ஒரு கல்லறைத் தோட்டமும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவானவர் இல்லை. அயலிலுள்ள சபைகள் பல ஒன்றுகூடி, ஒரே குருவானவரின் பொறுப்பில் வாழ்வதே மலையகத்தின் வழமை. அவ்வாழ்வின் இயல்பையும், அதில் எழும் மனத்தாங்கலையும், அதனைத் தீர்க்கும் வழியையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

இம்முறை நமக்குப் புதியதன்று. கோவாவிலிருந்து 1687ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் நாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலம் அது. உதவிக்கு வேறு குருமார் வந்து சேரும்வரை, பல ஆண்டுகள் அவர் தனியொருவராகவே ஊர் ஊராக நடந்தார். அவர் ஒரு சபையை விட்டு நீங்கும்போது அங்கு வழிபாடு நின்றுவிடவில்லை. மூப்பர் சபையை நடத்தினார். அண்ணாவியார் செபங்களை முன்னின்று சொன்னார். குருவானவர் மீண்டும் வரும்வரை விளக்கு அணையாது காத்தவர்கள் பொதுநிலையினரே. 1711இல் கண்டியிலே உயிர்நீத்த அவ்வடிகளார், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டார். அவரது தவத்தைப் போற்றும் நாம், அவர் வகுத்த ஒழுங்கையும் போற்றுதல் வேண்டும் அன்றோ?

சீர்திருத்தச் சபையாரின் வரலாறும் இதனையே கூறுகின்றது. கோப்பித் தோட்டங்களிற் பணிபுரிந்த தமிழரிடையே 1854இல் ஒரு தனி மிசன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியில் ஊழியம் செய்து பழகியவர்களே அதன் முதல் உழைப்பாளிகள். உபதேசியார்மார் தோட்டந்தோட்டமாக நடந்து, வேலை முடிந்த மாலை வேளையிலும் பெரட்டுக்களத்திலும் மக்களைச் சந்தித்தனர். திருநெல்வேலித் திருச்சபையில் ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள பல சபைகளைச் சேகரம் என்று அழைப்பர். சேர்த்தல் என்னும் பொருளை உள்ளடக்கிய அழகிய சொல் அது. கரைத்துவிடுதல் வேறு, சேர்த்தல் வேறு.

இனி, மலையகத்துச் சபைகள் இன்று சிறுத்திருப்பதற்கும் காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நிற்கும்வரை, குடும்பங்குடும்பமாக மக்கள் மலையிறங்கினர். பாடற்குழுவில் இருந்தவர் போயினர். ஞாயிறு பாடசாலை நடத்தியவர் போயினர். ஒரே வீட்டில் அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்தனர். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறின. பின்னர் இளைஞர் கொழும்பு முதலிய நகரங்களுக்குத் தொழில் தேடிச் செல்லலாயினர். எஞ்சியிருப்போர் சிலரே ஆயினும், அவர்களுக்கும் ஆலயம் வேண்டும்; ஆறுதல் வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1983இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பு, ஒரு பங்குக்கு ஒரு பங்குத்தந்தை என்பதையே பொதுவிதியாகக் கொள்கின்றது. எனினும் குருமார் குறைவாக உள்ள இடத்தில், அயற்பங்குகள் பலவற்றை ஒருவரிடமே ஒப்படைக்கலாம் என்று 526ஆம் விதி இசைவு தருகின்றது. அத்தகைய இடங்களில், மேய்ப்புப்பணித் தேவை இருப்பின், ஒரே குருவானவர் ஞாயிறன்று மூன்று திருப்பலிகள் வரை நிறைவேற்ற ஆயர் அனுமதி அளிக்கலாம் என்பது 905ஆம் விதி. அதற்கு மேல் இல்லை. ஆகவே ஐந்தாறு ஆலயங்கள் உள்ள பங்கிலே, ஒவ்வொரு ஞாயிறும் எல்லா ஆலயங்களிலும் திருப்பலி நிகழ இயலாது என்பது எளிய கணக்கு.

கணக்கு எளிது, மனம் எளிதன்று. “எங்கள் தோட்டத்துக் கோயிலைப் பூட்டிவிட்டு, அடுத்த தோட்டத்துக்கா போவது?” என்று கேட்கும் முதியவளை நாம் குறைகூறல் ஆகாது. முழங்கால் வலியோடு மழையிலும் மூடுபனியிலும் மலையேறி இறங்குதல் அவளுக்கு எளிதோ? அன்றியும், அவள் திருமணம் நிகழ்ந்ததும், குழந்தை ஞானஸ்நானம் பெற்றதும், கணவனின் உடல் இறுதியாக வைக்கப்பட்டதும் அந்தச் சிற்றாலயத்திலேதான். சொந்தக் காணி இல்லாத மக்களுக்கு, நம்முடையது என்று சொல்லக் கிடைத்த ஓரிடம் அதுவே.

ஆதலின், ஒன்றுகூடும் சபைகள் சில ஒழுங்குகளைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளுதல் நலம். முதலாவது, பெரிய ஆலயத்துக்கே எல்லா ஞாயிறும் என்றிராமல், திருப்பலியும் ஆராதனையும் முறைவைத்து வருதல் வேண்டும். அம்முறை மாதத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரிதல் வேண்டும். இரண்டாவது, பொதுச் சபையிலே சிறிய தோட்டத்துக்கும் ஓர் ஆசனமும் ஒரு குரலும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் ஆலயத்தின் திருவிழாவும் கல்லறைத் தோட்டமும் அவ்வாலயத்தாரின் பராமரிப்பிலேயே நிலைத்தல் வேண்டும். நான்காவது, குருவானவர் வர இயலாத ஞாயிறுகளில் வாசகமும் செபமும் நடத்தவும், நோயாளரைச் சந்திக்கவும், இறப்பு வீட்டில் உடனே சென்று நிற்கவும் ஆண்களையும் பெண்களையும் பயிற்றுதல் வேண்டும். இவற்றுள் நான்காவதே தலையாயது. குருவானவர் வந்துசெல்பவர், சபையோ அங்கேயே வாழ்வது.

வெவ்வேறு திருச்சபைகளே ஒன்றான வரலாறும் நம் அயலில் உண்டு. ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயினர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் வழிவந்த சபைகளும் அதனுட் சேர்ந்தன. பல்லாண்டு பேச்சுக்குப் பின்னரே அது கைகூடியது. ஒற்றுமை கட்டளையால் வருவதன்று, பொறுமையால் வருவது.

இராகலை மலைகளில் திருவிழாக் கொடி ஏறும்போது, மாரியம்மன் கோயிற் பக்தர்களும் வந்து தோள் கொடுத்தலைக் காண்கின்றோம். வேற்றுச் சமயத்தாரே அவ்வாறு கூடுவராயின், ஒரே விசுவாசத்தார் இரு தோட்டத்தின் எல்லைக்கல்லைக் கண்டு நிற்றல் தகுமோ? குருவானவர் ஒருவராயிருக்கலாம், விளக்கேற்றும் கைகள் பலவாகட்டும்.