கேட்டல் இரு வகை



தமிழில் ‘கேள்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருவரை வினவுவதும் கேட்டல். ஒருவர் சொல்வதைச் செவிமடுப்பதும் கேட்டல். வாய் செய்யும் தொழிலுக்கும் செவி செய்யும் தொழிலுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தார்கள். இந்த இரு வகைக் கேட்டலும் அறிவியலில் எவ்வாறு வேறுபடுகின்றன, எங்கே கைகோக்கின்றன என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உங்களுள் பலர் கணினியில் விண்வெளிப் போர் விளையாட்டுகளை ஆடியிருப்பீர்கள். கரிய வெளியில் இரு கலங்கள் ஒன்றையொன்று தேடுகின்றன. ராடாரை இயக்கினால் பகைவனின் தொலைவு தெரியும். ஆனால் அந்த அலையே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். இயக்காமல் பகைவனின் அலைக்காகச் செவிசாய்த்திருந்தால் நாம் மறைந்திருக்கலாம். ஆனால் அவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்பது எளிதில் விளங்காது. இது விளையாட்டுக்காகப் புனைந்த விதியன்று, இயற்கையின் விதி.

பழனி மலைக்காட்டில் நள்ளிரவில் கைவிளக்குடன் நடக்கும் ஒருவனை நினைத்துப் பாருங்கள். விளக்கின் ஒளி மரத்தில் பட்டு அவன் கண்ணுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே சில பத்தடி தூரமே அவனுக்குப் புலப்படும். ஆனால் எதிர்மலையில் நிற்பவனுக்கோ அந்த விளக்கு மைல்களுக்கு அப்பாலும் தெரியும். ராடாரின் நிலையும் இதுவே. தொலைவு இரு மடங்கானால், பரவிச் செல்லும் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிறது. பொருளில் பட்டுத் திரும்பும்போது மீண்டும் நான்கில் ஒரு பங்காகிறது. ஆக, எதிரொலி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செவிசாய்ப்பவனுக்கோ ஒருவழிப் பயணத்தின் இழப்பு மட்டுமே. ஆதலால் வினவுகிறவன் காண்பதற்கு முன்பே, கேட்டிருப்பவன் அவனை அறிந்துகொள்கிறான். பூச்சிகளை வேட்டையாடும் வௌவால் ஒலியெழுப்பி எதிரொலியால் இரையைத் தேடும்போது, அவ்வொலியைக் கேட்கவல்ல சில அந்துப்பூச்சிகள் முன்னதாகவே விலகித் தப்புவது இந்தக் கணக்கினால்தான்.

இனிக் கோடைக்கானலுக்கு வருவோம். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், ஊருக்கு மேலுள்ள குன்றில் சூரிய ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் வலுப்பெற்றது. அந்த ஆவலும் இந்நிலையம் பிறந்ததற்கு ஒரு காரணம். 1899-இல் சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் பணி இம்மலைக்கு மாற்றப்பட்டது.

இங்கு முதலில் நடந்தது செவிசாய்க்கும் கேட்டல். சூரியன் தானே அனுப்பும் ஒளியை வாங்கி, நிறமாலையாகப் பிரித்து, தகடுகளில் பதிவு செய்தார்கள். சூரியனை நோக்கி எதையும் அனுப்பவில்லை. அந்த மௌனமான பணியில் 1909-இல் ஓர் அரிய செய்தி கிடைத்தது. நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்ட ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகமெங்கும் அது வழங்குகிறது.

சூரியனையே வினவ முடியாதா என்று நீங்கள் எண்ணலாம். முடியும். 1959-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் சூரியனை நோக்கி ராடார் அலைகளை அனுப்பினார்கள். ஒளியின் வேகத்தில் சென்றும், போய்த் திரும்ப 16 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்ததோ, சூரியனின் சொந்த இரைச்சலுக்குள் பெருமுயற்சி செய்து தேடியெடுக்க வேண்டிய மெல்லிய எதிரொலி. தானே ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவரிடம் வினா எழுப்புவதைவிடச் செவி கொடுப்பதே சிறந்தது.

ஆனால் பேசாத பொருளை என் செய்வது? நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டரிலிருந்து சில நூறு கிலோமீட்டர் வரை மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்குகள் உள்ளன. அயனி மண்டலம் என்பது அதன் பெயர். அதன் அடுக்குகளின் உயரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. அதனிடம் வினவத்தான் வேண்டும். 1950-களில் கோடைக்கானல் குன்றிலேயே அதற்கான கருவி இயங்கத் தொடங்கியது. அயனோசோண்டு எனப்படும் அது, வானத்தை நோக்கி நிறுத்திய ராடார் போன்றது. அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றி வானொலித் துடிப்புகளை மேலே அனுப்பும். எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும். 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வர ஒரு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு போதும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இம்மலை இருப்பது மற்றொரு சிறப்பு. அக்கோட்டின் மேல், பகற்பொழுதில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் வலிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதை ஆராயத் தகுந்த இடங்கள் உலகில் மிகச் சிலவே.

ஆக ஒரே குன்றில் இரு கேட்டல்களும் நிகழ்ந்தன. அதனால் விளைந்த நன்மையைப் பாருங்கள். சூரியனில் சில வேளைகளில் திடீரென ஒளிவெடிப்பு எழுகிறது. சூரியனை நோக்கியிருக்கும் கருவி அதைக் காண்கிறது. அதே நேரத்தில் வானத்தை வினவும் கருவிக்கு எதிரொலி மங்கிவிடும். சில சமயம் அடியோடு மறைந்துவிடும். ஒளிவெடிப்பிலிருந்து வந்த எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியை மாற்ற, அப்பகுதி அலைகளை விழுங்கிவிடுகிறது. சிற்றலை வானொலியில் பேச்சு திடீரென அடங்கிப்போவதன் காரணமும் இதுவே. வினவும் கருவி மட்டும் இருந்திருந்தால், கருவி பழுதென்று எண்ணியிருப்போம். செவிசாய்க்கும் கருவி மட்டும் இருந்திருந்தால், சூரியனில் நிகழ்ந்தது நம் வானத்தைத் தொட்டதென்று அறிந்திருக்க மாட்டோம்.

போர்க்காலத்திலும் இவ்விரண்டையும் பிரித்தறிவது உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. 1942 பிப்ரவரி 27, 28 தேதிகளில் பிரிட்டிஷ் இராணுவ ராடார்கள் பெரும் இரைச்சலால் செயலற்றுப்போயின. ஜெர்மானியர் அலைகளைக் குழப்புகிறார்கள் என்று அஞ்சினார்கள். அதை ஆராய்ந்த ஜே. எஸ். ஹே, இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்தே நகர்வதைக் கண்டார். அன்று சூரியனில் பெரியதொரு கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. வினவுவதற்கென்று செய்த கருவி, வினவாமலே ஒரு பேருண்மையைக் கேட்டுவிட்டது! சூரியன் வானொலி அலைகளையும் வீசுகிறது என்பது அவ்வாறு தெரியவந்தது.

செவிசாய்ப்பவனுக்கும் ஒரு குறை உண்டு. அவன் எதற்குச் செவி திறந்து வைத்திருக்கிறானோ, அதையே கேட்பான். அதே போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ‘மெடாக்ஸ்’ என்னும் கருவியால், விமான ராடாரின் ஒன்றரை மீட்டர் அலையைக் கேட்டு நீருக்குள் மூழ்கித் தப்பின. 1943-இல் நேச நாட்டார் 10 சென்டிமீட்டர் அலைக்கு மாறினார்கள். மெடாக்ஸ் அதைக் கேட்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் நீர்மூழ்கிகள் அடைந்த பேரழிவுக்கு இதுவும் ஒரு காரணம். மௌனத்தைக் கேட்டவர்கள் அதைப் பாதுகாப்பென்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு விலையாக மாலுமிகள் பலர் மாண்டார்கள்.

விண்வெளியில் மறைந்திருக்க எண்ணுபவனுக்கும் இங்கே எச்சரிக்கை உண்டு. ராடாரை அணைத்துவிட்டால் கலம் முற்றும் மௌனமாகிவிடாது. மனிதன் உயிர்வாழத் தக்க வெப்பமுள்ள எப்பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டேயிருக்கும். பின்னணியிலுள்ள வெளியோ கடுங்குளிரானது. தக்க கருவி உடையவனுக்கு அந்தக் கலம் இருட்டில் எரியும் அடுப்பைப் போலத் தோன்றும். வாய் மூடியிருக்கலாம், உடல் பேசுவதை நிறுத்த இயலாது.

மாணவர்களே, கோடைக்கானல் செல்லும் வாய்ப்பு நேர்ந்தால் ஏரியையும் தூண் பாறையையும் கண்டபின், ஆராய்ச்சி நிலையக் குன்றுக்கும் செல்லுங்கள். நூறாண்டுக்கு மேலாக அங்கு எடுத்த சூரியப் படங்கள் இன்று கணினி வடிவில் உலக ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகின்றன. எந்தக் கருவியைக் கண்டாலும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இது வினவி அறிந்ததா, செவிசாய்த்து அறிந்ததா? வினவியதென்றால், அதற்கு என்ன விலை கொடுத்தது? செவிசாய்த்ததென்றால், எதற்குச் செவி மூடியிருந்தது? இவற்றுக்கு விடை தேடத் தொடங்கினால் நூலில் படித்த அறிவியல் உங்கள் சொந்த அறிவாகும்.