தீவுக் கிணற்றின் கைப்பக்குவம்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான வேலணையின் சாட்டிக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அலை அடிக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணிக் கிணறுகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரைப் பவுசரில் ஏற்றிப் புங்குடுதீவுக்கும் கொண்டுபோகிறார்கள். கடலோரத்தில் நன்னீர், தீவின் உட்புறத்தில் பல இடங்களில் உவர். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது.

தீவுகளில் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான முதல். சாட்டியிலும் அல்லைப்பிட்டியிலும் மணல் அதை உறிஞ்சி வைத்து மெல்லக் கசியவிடுகிறது. நெடுந்தீவில் மணல் குறைவு, சுண்ணக்கல் கூட. காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மழைநீர் சற்றுப் புளிப்பேறும். அந்த நீர் கல்லை அரிக்கிறது. வெடிப்பு வாய்க்காலாகும், வாய்க்கால் குகையாகும், குகையின் கூரை இடிந்தால் குண்டாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான். அங்கும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கல்லுக்குள் இப்படி வழி திறந்திருப்பதால் பெய்த மழையில் ஒரு பங்கு விரைவாகக் கடலுக்கே போய்விடும்.

மிஞ்சும் நன்னீர் உப்புநீரின் மேல் தோணிபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி அமிழ்ந்திருக்கும். தோணியில் பாரத்தை இறக்கினால் அடிப்பாகம் மேலெழும் அல்லவா? கிணற்றில் தண்ணீரை இழுத்தால் அடியிலிருக்கும் உவரும் அப்படித்தான் எழும். நீர்மட்டம் ஓரடி இறங்கி அப்படியே நின்றால், உப்பு மெல்ல மெல்ல நாற்பதடி ஏறப் பார்க்கும். இந்தக் கணக்கை 1889இல் எழுதியவர் பாடன் கைபன் என்ற ஒல்லாந்தர். 1901இல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனியே இதைக் கண்டார். நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தங்கள் ஊர்ப்பெயரை வைத்துப் போனவர்களும் ஒல்லாந்தர்தான், அதுவும் இந்தக் கணக்குப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே!

எங்கள் ஆட்கள் கணக்கை எழுதவில்லை, கையால் செய்தார்கள். மணலில் தோண்டிய துரவைப் பாருங்கள். ஆழம் இல்லை, இறங்கிக் குனிந்தால் கைக்கெட்டும் தண்ணீர். செம்பை அமிழ்த்தாமல், கலக்காமல், மேலால் அள்ள வேண்டும். குடம் நிறைந்ததும் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். தோட்டக் கிணற்றுக்குத் துலா. ஒருவர் துலா மிதிக்க, மற்றவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மிதிப்பவர் களைத்து இறங்கும் நேரம்தான் கிணறு ஊறும் நேரம். அந்தக் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நெடுந்தீவுச் சாராப்பிட்டிக் கிணறுகள் இத்தனை காலம் நல்ல தண்ணி தந்ததில் இந்த அளவான இறைப்புக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

மோட்டருக்குக் களைப்பில்லை. ஒரு மணி நேரத்தில் கிணற்றை வற்றவைத்துவிடும். குழாய்க் கிணறு இன்னும் மோசம். நன்னீரின் மெல்லிய படையைத் துளைத்து நேரே உவருக்கு வாசல் திறக்கிறது. உவர் ஏறிய கிணறு ஒரு மாரியில் தேறும் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் பழைய முறையைத் தூக்கிப் பிடிக்க எனக்கு முழு மனம் வரவில்லை. அந்த அழகான கிணற்றடியில், சாதி சொல்லித் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை வெறுங்குடத்தோடு காத்திருந்தார்கள். நிலத்தடி நீரை அவ்வளவு நுட்பமாக அறிந்த ஊர், அதைப் பகிர்வதில் அப்படிக் கல்நெஞ்சாக இருந்தது.

இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் பொறிகள் வந்துவிட்டன. குடாநாட்டுக்கு 2024இல் தாளையடியில் பெரிய நிலையமே திறந்தார்கள். குடிக்க அது உதவும், வரவேற்கலாம். ஆனால் தோட்டத்துக்கும் மாட்டுக்கும் கிணறுதான் கதி.

எங்கள் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதுவது வழக்கம். அதோடு இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன்: பங்குனிக்குப் பிறகு மோட்டர் அரை மணி நேரம், அதற்கு மேல் கைவாளி.